சுங்கை சிப்புட்டில் ஒரு மேற்குச் சுவர்: ஹெம்ப் கட்டுமானம் குறித்த நிகழ்வு ஆய்வு

மலேசியாவின் பேராக் மாநிலத்தில் ஈப்போவுக்கு வடக்கே உள்ள சுங்கை சிப்புட், ஒரு காலத்தில் ரப்பர்த் தோட்டங்களும் இன்று பெரும்பாலும் செம்பனையும் சூழ்ந்து நிற்கும் ஊர். ஊரைத் தாண்டி, பழைய தோட்டம் ஒன்றின் லயங்கள் இருந்த இடத்துக்கு அருகில், ஒரு கோயில் மண்டபமும் அதன் பின்புறத்தில் பிள்ளைகளுக்குப் பிற்பகல் வகுப்பு நடக்கும் அறையும் உள்ளன. அறை 9 மீட்டர் நீளமும் 6 மீட்டர் அகலமும் கொண்டது. தகரக் கூரை, அதன் கீழே மெல்லிய ஒட்டுப்பலகை சீலிங், கான்கிரீட் தூண்களுக்கு இடையே அரைச் செங்கல் கனத்துச் சுவர் என, தோட்டப்புறங்களில் எங்கும் காணக்கூடிய கட்டடம்தான். அதன் நீளமான பக்கம் மேற்கைப் பார்த்து நிற்கிறது. முன்பு அந்தப் பக்கம் நிழல் தந்த ரம்புத்தான் மரங்களை வடிகாலை அகலப்படுத்தும்போது வெட்டிவிட்டார்கள். அதன் பிறகு மூன்று மணிக்கு மேல் அந்தச் சுவரில் கை வைக்க முடியாத நிலை ஏற்பட்டது. வகுப்பு ஆசிரியை மேசைகளையெல்லாம் கிழக்குப் பக்கம் இழுத்துப் போட்டு, அறையின் பாதியில் மட்டுமே பாடம் நடத்தி வந்தார். சுவரிலும் மூலைவாட்டில் விரிசல் ஓடியிருந்தது.

சுவரை இடித்துக் கட்டுவதென்று மண்டபக் குழு முடிவு செய்தபோது, தோட்டத்தில் பிறந்து வெளிநாட்டில் கட்டுமானத் துறையில் சில காலம் வேலை பார்த்துத் திரும்பிய இளைஞர் ஒருவர், செங்கல்லுக்குப் பதிலாக ஹெம்ப் என்னும் நார்ச்செடியின் சீவலால் சுவர் எழுப்பலாம் என்று முன்மொழிந்தார். செலவில் ஒரு பகுதியைத் தம் நண்பர்களிடம் திரட்டித் தருவதாகவும் சொன்னார். அந்த முன்மொழிவின் தொழில்நுட்பப் பகுதியைச் சரிபார்க்கும் பொறுப்பு என்னிடம் வந்தது. ஹெம்ப் பற்றிச் சொல்லப்படும் நன்மைகளில் பெரும்பாலானவை உண்மை. ஆனால் அவை எந்த ஊரில், எந்தப் பருவத்தில், கட்டடத்தின் எந்தப் பகுதியில் உண்மையாகின்றன என்பதைப் பிரித்துப் பார்க்காமல் இங்கே ஒரு கல்லைக்கூட வைக்கக் கூடாது என்பதே என் கருத்து. அந்தக் கருத்துக்கு இட்டுச் சென்ற கணக்குகளும் சோதனைகளும் இங்கே எழுதப்படுகின்றன.

பொருளின் இயல்பு

ஹெம்ப் என்பது கஞ்சா இனச் செடியின், போதை தரும் வேதிப்பொருள் மிகக் குறைவாக உள்ள, நாருக்கும் விதைக்கும் வளர்க்கப்படும் வகை. சுமார் நான்கு மாதங்களில் அறுவடைக்கு வரும். தண்டின் மேல்தோலிலிருந்து நாரை உரித்த பின் எஞ்சும் உள்கட்டையைச் சிறு சீவல்களாக நொறுக்கி, சுண்ணாம்பும் நீரும் சேர்த்துப் பிசைந்தால் கிடைப்பதுதான் ஹெம்ப்கிரீட். பெயரில் கான்கிரீட்டின் சாயல் இருந்தாலும் குணத்தில் இரண்டும் வெவ்வேறு. ஒரு கன மீட்டர் கான்கிரீட் 2,400 கிலோ எடையுள்ளது; ஹெம்ப் சுவர்க் கலவை காய்ந்தபின் பெரும்பாலும் 300 முதல் 400 கிலோதான் இருக்கும். அதன் அமுக்க வலிமை பொதுவாக 1 மெகாபாஸ்கலைக்கூட எட்டாது. ஆகவே அது கூரையைத் தாங்காது. மரச்சட்டமோ தூண்களோ பாரத்தைத் தாங்க, இது அவற்றுக்கு இடையே நிரப்பாக நிற்கும். எங்கள் அறையில் கான்கிரீட் தூண்கள் ஏற்கெனவே இருந்ததால் இந்தக் குறை ஒரு தடையாகவில்லை.

இன்று அறியப்படும் வடிவில் இது 1980களின் பிற்பகுதியில் பிரான்சில், பழைய மரச்சட்ட வீடுகளைப் பழுதுபார்க்கும் முயற்சியில் உருவானது. அங்கே அதற்கெனத் தொழில் விதிமுறைகள் வகுக்கப்பட்டுள்ளன. அமெரிக்காவின் குடியிருப்புக் கட்டட நெறியும் 2024 பதிப்பில் ஹெம்ப்-சுண்ணாம்புக் கட்டுமானத்துக்கு ஒரு பின்னிணைப்பைச் சேர்த்துள்ளது. எல்லோரா குகைகளின் பழங்கால மண்பூச்சில் கஞ்சாச் செடியின் நார் கலந்திருப்பதை இந்தியத் தொல்லியல் ஆய்வாளர்கள் 2016இல் வெளியிட்டபோது, அது இந்தியச் செய்தித்தாள்களில் பெரிதாகப் பேசப்பட்டது. நம் இளைஞரும் அதைக் குழுவிடம் பெருமையோடு எடுத்துச் சொன்னார். அது பூச்சு, நாம் பேசுவது சுவர். குகைக்குள் இருக்கும் பூச்சின் ஆயுளை வைத்து மழையில் நிற்கும் சுவரின் ஆயுளைக் கணிக்க முடியாது என்று நான் குறுக்கிட வேண்டியிருந்தது.

முன்மொழிவில் மிகுதியாக மேற்கோள் காட்டப்பட்டது இங்கிலாந்தின் சஃபோக் வட்டாரத்திலுள்ள ஹேவர்ஹில். அங்கே 2001இல் ஒரே வடிவிலான சில வீடுகளில் ஒரு பகுதியை ஹெம்பாலும் மற்றவற்றைச் செங்கல்லாலும் கட்டி, அந்நாட்டுக் கட்டட ஆராய்ச்சி நிலையம் ஒப்பிட்டது. ஹெம்ப் வீடுகளைச் சூடாக வைத்திருக்கச் செங்கல் வீடுகளைவிடக் கூடுதல் எரிபொருள் தேவைப்படவில்லை என்பது முக்கிய முடிவு. இந்த முடிவை நான் மதிக்கிறேன். ஆனால் அது குளிர்காலத்தில் வீட்டுக்குள் இருக்கும் வெப்பத்தை வெளியேறாமல் காக்கும் சுவரைப் பற்றியது. பேராக்கில் பகலில் 33 பாகையும் இரவில் 24 பாகையுமாக ஆண்டு முழுவதும் ஏறத்தாழ ஒரே நிலைதான். சன்னலைத் திறந்து வைத்து, மின்விசிறியின் கீழ் உட்காரும் அறைக்குச் சுவரின் வெப்பத்தடை எவ்வளவு பயன்படும் என்பது வேறு கேள்வி.

சட்டம் சொல்வது

அந்தக் கேள்விக்குப் போகும் முன்பே சட்டம் குறுக்கே வந்தது. மலேசியாவின் 1952ஆம் ஆண்டு அபாயகர மருந்துகள் சட்டம், எந்தப் பெயரால் அழைக்கப்பட்டாலும், பிசின் எந்த அளவில் காணப்பட்டாலும், கஞ்சா இனச் செடியின் எந்தப் பகுதியையும் கஞ்சா என்றே வரையறுக்கிறது. போதைப்பொருள் 0.3 விழுக்காட்டுக்குக் கீழே இருந்தால் அது தொழிற்பயிர் என்று ஐரோப்பிய ஒன்றியமும் அமெரிக்காவும் வைத்திருக்கும் எல்லைக்கோடு நம் சட்டத்தில் இல்லை. பயிரிடுவது 6பி பிரிவின்படி நீண்ட சிறையும் பிரம்படியும் விதிக்கத்தக்க குற்றம். 200 கிராமும் அதற்கு மேலும் வைத்திருப்பவர் கடத்தல்காரர் என்று அனுமானிக்க 37ஆம் பிரிவு இடம் தருகிறது. நம் சுவருக்குத் தேவையான சீவலோ ஏறத்தாழ அரை டன்.

“தாய்லாந்துல 2022லயே திறந்து விட்டுட்டாங்கண்ணே. காய்ஞ்ச குச்சி, அதுல ஒன்னுமே இருக்காது. லோரியில கொண்டு வந்துடலாம்” என்று இளைஞர் கூட்டத்தில் சொன்னார். குழுத் தலைவர், ஓய்வுபெற்ற தோட்டக் கிராணி, சற்று நேரம் அவரையே பார்த்துவிட்டு, “தம்பி, குச்சியில ஒன்னும் இல்லைன்னு நிரூபிக்கிற வரைக்கும் நீ எங்க இருப்பேன்னு யோசிச்சியா?” என்று கேட்டார். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது. வேதிப்பகுப்பாய்வில் பிசினே இல்லை என்று தெரிந்தால் சீவல் வரையறைக்குள் வராது என்று வாதிட இடமுண்டுதான். ஆயினும் ஒரு கோயில் மண்டபக் குழு அந்த வாதத்தை நீதிமன்றத்தில் சோதித்துப் பார்க்க வேண்டிய அவசியம் எதுவும் இல்லை. சட்டம் மாற வேண்டும் என்று விரும்புவோர் அதற்கான வழியில் போகட்டும். கட்டடம் அதற்குரிய களம் அல்ல.

கெனாஃப்

இதே வேலையைச் செய்யக்கூடிய செடி ஒன்றை அரசாங்கமே இங்கு வளர்க்கச் சொல்லி வருகிறது. கெனாஃப், நம் வீடுகளில் கடையும் புளிச்சக்கீரையின் நெருங்கிய இனம்; செம்பருத்திக் குடும்பத்தைச் சேர்ந்தது; போதைக்கும் அதற்கும் எந்தத் தொடர்பும் இல்லை. ஆசியான் தடையற்ற வணிகத்தால் புகையிலைக்கு இருந்த பாதுகாப்பு 2010இல் தளர்ந்தபோது, கிளந்தான், திரங்கானு போன்ற மாநிலங்களின் புகையிலை விவசாயிகளுக்கு மாற்றுப்பயிராக அது முன்வைக்கப்பட்டது. பழைய புகையிலை வாரியமே அந்த ஆண்டில் தேசிய கெனாஃப், புகையிலை வாரியமாக மாறியது. நான்கைந்து மாதங்களில் 3, 4 மீட்டர் உயரம் வளரும். தண்டின் எடையில் மூன்றில் ஒரு பங்கு நார்; மீதி உள்கட்டை. நாருக்கு மோட்டார் காரின் கதவு உட்பலகை வரை சந்தை இருக்கிறது. உள்கட்டைக்கு உள்ள சந்தை அந்த அளவுக்கு இல்லை: துகள்பலகைக்குப் போகிறது, சிந்திய எண்ணெயை உறிஞ்சப் பயன்படுகிறது, கால்நடைகளுக்குப் படுக்கையாகிறது. கிளந்தானிலிருந்து கிரிக் வழியாகச் சுங்கை சிப்புட்டுக்கு லோரியில் கொண்டுவரக்கூடிய தூரம்தான். சுண்ணாம்போ வீட்டு வாசலிலேயே இருக்கிறது. கிந்தா பள்ளத்தாக்கின் சுண்ணாம்புக்கல் குன்றுகளும் அவற்றைச் சுட்டு நீற்றும் தொழிலும் ஈப்போ வட்டாரத்துக்குப் புதியவை அல்ல.

ஹெம்புக்குச் சொல்லப்பட்ட எண்களை அப்படியே கெனாஃபுக்குத் தூக்கிப் போட முடியாது. கெனாஃப் உள்கட்டை மேலும் மென்மையானது, நீரை மேலும் அதிகமாகக் குடிக்கும். எண்ணெய் உறிஞ்சப் பயன்படும் அதே குணம் கலவையில் தொல்லையாகிறது. தவிர, எல்லாத் தாவரக் கட்டைகளிலும் உள்ள சர்க்கரைச் சத்து நீரில் கரைந்து வந்து, சுண்ணாம்பும் சிமெண்டும் இறுகுவதைத் தாமதப்படுத்தும். முதலில் செய்து பார்த்த சோதனைத் துண்டுகளில் இரண்டும் சேர்ந்தே வெளிப்பட்டன. மேற்பரப்பு கட்டியாகித் தெரிந்தது. பலகையைக் கழற்றி உடைத்துப் பார்த்தபோது, நடுவில் ஈரமான, பழுப்பேறிய, புளித்த வாடை வீசும் சீவல் அப்படியே கிடந்தது. சீவலை முதல் நாள் தண்ணீரில் ஊறவைத்து அந்தப் பழுப்பு நீரை வடித்துவிட்டுப் பயன்படுத்தியதும், சுண்ணாம்பில் ஒரு பகுதிக்குப் பதிலாக உமிச் சாம்பல் சேர்த்ததும் நிலைமையை மாற்றின. கட்டுப்பாடான வெப்பத்தில் எரித்த உமிச் சாம்பலில் பெரும்பகுதி சிலிக்கா. அது சுண்ணாம்போடு வினைபுரிந்து, காற்றை நம்பியிராமல் ஈரத்திலேயே இறுகும் தன்மையைத் தருகிறது. கிரியான் வட்டாரத்து நெல் ஆலைகள் இருக்கும் மாநிலத்தில் உமிக்குப் பஞ்சமில்லை. கண்டபடி எரித்த கரிச்சாம்பல் இந்த வேலைக்கு உதவாது என்பதை மட்டும் கவனிக்க வேண்டும்.

ஈரம்

பெரிய சிக்கல் இனிமேல்தான். ஒரு கன மீட்டர் சுவர்க் கலவைக்குச் சுமார் 100 கிலோ சீவல், 200 கிலோ சுண்ணாம்பு, 300 லிட்டர் நீர் என்று வைத்துக்கொள்வோம். சன்னல்களைக் கழித்தால் எங்கள் மேற்குச் சுவர் 24 சதுர மீட்டர். 20 சென்டிமீட்டர் கனத்தில் 4.8 கன மீட்டர். அதாவது ஏறத்தாழ 1,400 லிட்டர் தண்ணீரை நாமே சுவருக்குள் ஊற்றுகிறோம். ஒரு பகுதி சுண்ணாம்போடு சேரும். மற்றதெல்லாம் காற்றில் உலர்ந்து போனால்தான் பூச முடியும். ஐரோப்பியக் கோடையிலேயே இதற்குப் பல வாரங்கள் பிடிக்கும். காற்றின் ஈரப்பதம் சராசரியாக 80 விழுக்காட்டை ஒட்டியிருக்கும் பேராக்கில், ஏப்ரல் மழையோ அக்டோபர், நவம்பர் மழையோ பிடித்துக்கொண்டால், பலகை அடைத்து ஊற்றிய சுவர் காய்வதற்குள் பூஞ்சை பிடித்துவிடும். சுண்ணாம்பின் காரத்தன்மை பூஞ்சையைத் தடுக்கும் என்ற வாதம் சுண்ணாம்பு படிந்த இடம் வரைக்கும்தான் செல்லும். சுண்ணாம்பு படியாத ஒவ்வொரு சீவல் முனையும் பூஞ்சைக்கு இடம்தான்.

எனவே சுவரை அதே இடத்தில் ஊற்றும் முறையைக் கைவிட்டு, கற்களாக வார்த்து வேறிடத்தில் உலர்த்திப் பின்னர் அடுக்குவதென்று முடிவாயிற்று. உலர்த்தும் இடம் எதிர்பாராமல் கிடைத்தது. பால்மரக் காலத்து ரப்பர்த் தாள்களைப் புகைபோட்டு உலர்த்திய பழைய புகைவீடு ஒன்று, தட்டுச் சட்டங்களோடு அப்படியே கிடந்தது. மேலே காற்றுவழி, பக்கங்களில் அடைப்பு, தரைக்கு மேல் அடுக்கடுக்காக இடைவெளி என, ஈரமான பொருளைப் பதமாக உலர்த்தவென்றே கட்டப்பட்ட இடம் அது. நெருப்பு மூட்டலாமா என்று சிலர் கேட்டார்கள். கூடாது. சுண்ணாம்பு காற்றிலுள்ள கரியமில வாயுவை உட்கொண்டு மீண்டும் கல்லாவதற்குச் சிறிதளவு ஈரம் வேண்டும். சூட்டில் விரைவாக உலர்த்தினால் கல் காயும், இறுகாது. நிழலும் காற்றும் போதும்.

வார்க்கும் வேலைக்கு வந்த கொத்தனார் வாழ்நாள் முழுதும் சிமெண்டில் வேலை செய்தவர். கான்கிரீட்டை இடித்து நெருக்கி வார்ப்பது அவருடைய கைக்குப் பழகிப்போன வேலை. இந்தக் கலவையையும் அப்படியே இடித்தார். “இடிக்காம விட்டா நாளைக்கு உதிருமே, ஐயா” என்பது அவருடைய கவலை. உண்மையில் இறுக இடித்தால் சீவல்களுக்கு இடையிலுள்ள காற்றுப் புழை அடைந்து, கனம் கூடி, வெப்பத்தடை குறைந்துவிடும். கையில் ஒரு பிடி எடுத்து அழுத்தினால் உருண்டையாக நிற்க வேண்டும். கட்டைவிரலால் குத்தினால் பிளந்து உதிர வேண்டும். விரலிடுக்கில் தண்ணீர் வழியக் கூடாது. அந்தப் பதம் ஒருமுறை கைக்குப் பிடிபட்டதும் அவர் அளவுப் பாத்திரத்தைத் தொடவே இல்லை. ஓரங்களில் மட்டும் பலகையால் மெதுவாகத் தட்டிவிட்டு, நடுவைத் தளர்வாக விட்டு வார்த்தார். அவர் வார்த்த கற்களின் ஓரங்கள்தான் அடுக்கும்போது உடையாமல் நின்றன.

வெப்பம் எங்கிருந்து வருகிறது

கற்கள் புகைவீட்டில் காய்ந்துகொண்டிருந்த வாரங்களில், சுவரைப் பற்றிய ஆரவாரத்தில் யாரும் கேட்காத கணக்கைப் போட்டுப் பார்த்தேன். இது நேர இடைவெளிகளைக் கணக்கில் கொள்ளாத தோராயக் கணக்கு. எது பெரிது, எது சிறிது என்று காட்டுவதற்கு அது போதும்.

நண்பகல் வெயிலில் தகரம் 60 பாகை வரை சூடேறும் என்றும் அறை 33 பாகை என்றும் கொண்டால், இடைவெளிக் காற்றும் மெல்லிய ஒட்டுப்பலகையும் தரும் தடை மிகக் குறைவு. ஒரு சதுர மீட்டர் வழியே ஒவ்வொரு பாகை வேறுபாட்டுக்கும் சுமார் 2.5 வாட் கீழே இறங்கும். கூரை 54 சதுர மீட்டர். வேறுபாடு 27 பாகை. ஆக ஏறத்தாழ 3,600 வாட்: பிள்ளைகளின் தலைக்கு மேலே மூன்றரை மின்னடுப்பை எரியவிட்டதற்குச் சமம். மேற்குச் சுவரின் வெளிமுகம் பிற்பகலில் 48 பாகை என்று கொண்டால், அரைச் செங்கல் வழியே வருவது சுமார் 1,200 வாட். அந்தச் சுவரைக் கெனாஃப் கல்லாக மாற்றினால் அது 170 வாட்டாகக் குறையும். சுவரில் 1,000 வாட் மிச்சம் என்பது நல்ல செய்திதான். கூரையில் 3,600 வாட் அப்படியே இறங்கிக்கொண்டிருக்கும்போது அதை மட்டும் கொண்டாடுவதற்கில்லை. 1984ஆம் ஆண்டின் சீரான கட்டட துணைச் சட்டங்களில் 2012இல் சேர்க்கப்பட்ட 38ஏ விதியும் இதையே பேசுகிறது. குளிர்சாதன வசதியுள்ள பெரிய கட்டடங்களுக்கே அது சுவர்களின் வெப்ப வரவுக்கு வரம்பு விதிக்கிறது. கூரைக்கோ வீடு உட்பட எல்லாக் கட்டடங்களுக்கும், எடை குறைந்த கூரையானால் சதுர மீட்டருக்குப் பாகைக்கு 0.4 வாட் என்ற வரம்பை வைக்கிறது.

சீலிங்கின் மேலும் கெனாஃப்-சுண்ணாம்புக் கலவையைப் பரப்பலாம் என்று இளைஞர் சொன்னார். 10 சென்டிமீட்டர் பரப்பினால், தளர்வான கலவையானாலும் சதுர மீட்டருக்கு 20 கிலோ. மொத்தத்தில் ஒரு டன்னுக்கு மேல். பழைய மரச்சட்டத்தில் அதைத் தொங்கவிட எந்தப் பொறியாளரும் கையெழுத்துப் போட மாட்டார். போட்டாலும் வெப்ப வரவு 800 வாட்டுக்குத்தான் இறங்கும்; 0.4 என்ற வரம்பையும் எட்டாது. அதே கனத்துக்கு, ராக்வுல் எனப்படும் பாறைப் பஞ்சு விரிப்பு போட்டால் 500 வாட். எடையோ மிகச் சொற்பம். கெனாஃப் நார் விரிப்பும் ஏறத்தாழ இதே பலனைத் தரும். ஆனால் அதற்குப் போராக்ஸ் வகை உப்பால் பூச்சிக்கும் தீக்கும் பதப்படுத்த வேண்டும்; சீலிங்கில் எலியும் மரநாயும் ஓடும் கட்டடத்தில் அதைப் பார்வையிட்டுக்கொண்டே இருக்க வேண்டும். ஈப்போக் கடைகளில் பாறைப் பஞ்சு உடனே கிடைக்கிறது, எரியாது, கரையான் தொடாது. அதையே பரிந்துரைத்தேன்.

“அப்ப நம்ம கெனாஃப் எதுக்குண்ணே?” என்று இளைஞர் மனம் தாங்காமல் கேட்டார். அவருடைய ஏமாற்றம் எனக்குப் புரிந்தது. இயற்கைப் பொருளைக் கொண்டுவந்து தோட்டத்துப் பிள்ளைகளுக்கு ஒரு நல்ல அறை தர வேண்டும் என்ற அவருடைய எண்ணத்தில் பழுது இல்லை. ஒரு பொருளுக்கு நாம் வைத்திருக்கும் அன்பு, அதைக் கட்டடத்தின் எல்லா மூலையிலும் திணிக்கச் சொல்லும். கட்டடத்துக்கு அந்த அன்பு தெரியாது. சுவர் எப்படியும் இடிக்கப்பட வேண்டியிருந்தது. பழைய அடித்தளத்தில் நிற்க எடை குறைந்த ஒன்று வேண்டும். மேற்கு வெயிலில் வெப்பத்தடை பலன் தரும். ஆகவே அந்த இடத்தில் மட்டும் கெனாஃப் கல்லுக்கு நியாயம் இருந்தது. அரைச் செங்கல்லானால் அந்தச் சுவர் 5 டன்; கெனாஃப் கல்லில் 2 டன்னுக்கும் குறைவு. விரிசலுக்குக் காரணமாகியிருந்த அடித்தள மூலைக்கு அந்த நிவாரணம் மிகவும் தேவைப்பட்டது.

சுவர் எழுந்த விதம்

தரையிலிருந்து 60 சென்டிமீட்டர் உயரத்துக்குச் செங்கல்லையே விட்டுவிட்டோம். தெறிக்கும் மழைநீரும் தரையீரமும் சுண்ணாம்புக் கலவைக்கு எட்டக் கூடாது என்பது ஒரு காரணம்; கரையான் மற்றொன்று. சுண்ணாம்பு போர்த்திய சீவலைக் கரையான் விரும்புவதில்லை என்று சொல்லப்படுவதை நம்பி, செம்பனை அடிமரங்கள் மக்கிக் கிடக்கும் மண்ணில் ஒரு சுவரை நிறுத்த எனக்குத் துணிவில்லை. செங்கல் வரிசையின் தலையில் ஈரத்தடுப்புத் தாளும் அதன்மேல் ஓரம் மடித்த உலோகத் தகடும் போடப்பட்டன. மண்ணிலிருந்து ஏறும் கரையான் புற்றுக்கோடு அந்தத் தகட்டைச் சுற்றித்தான் வர வேண்டும். வந்தால் கண்ணில் படும். மேலே கூரை விளிம்பை ஒரு மீட்டர் நீட்டினோம். மாலைச் சாரல் சுவரில் நேராக அடிக்காமல் காப்பதோடு, சூரியன் சற்று உயரத்தில் நிற்கும்வரை நிழலும் தரும். செலவுக்கு ஏற்ற பலன் எதில் அதிகம் என்று கேட்டால், கல்லைவிட இந்த ஒரு மீட்டரைத்தான் காட்டுவேன்.

கற்களுக்கு இடையே சுண்ணாம்புச் சாந்து. தூண்களோடு சேருமிடத்தில் துருப்பிடிக்காத கம்பிப் பிணைப்பு. இரு முகங்களிலும் சுண்ணாம்பு-மணல் பூச்சு, அதன்மேல் சுண்ணாம்பு வெள்ளை. சிமெண்டுப் பூச்சும் பளபளக்கும் வண்ணப்பூச்சும் கூடாது என்று குழுவின் குறிப்பேட்டில் எழுதி வைக்கச் சொன்னேன். உள்ளே புகும் ஈரம் வெளியே போக வழியடைத்தால், முதலில் அழுகுவது சீவல்தான். பழைய தூண்களும் கூரையும் அப்படியே இருந்து, சுவர் பாரம் தாங்காத நிரப்பாக மட்டும் இருந்ததால், அனுமதிக்கான வரைபடமும் பொறியாளர் சான்றும் அதிகச் சிக்கலின்றி முடிந்தன. புதுக் கட்டடம் ஒன்றை இதே பொருளில் எழுப்புவதாக இருந்திருந்தால், தீத்தடுப்புச் சோதனைச் சான்று கேட்கப்பட்டிருக்கும். உள்ளூரில் செய்த கெனாஃப் கல்லுக்கு எங்களிடம் அது இல்லை.

கரியமில வாயுக் கணக்கை இளைஞர் ஆவலோடு எதிர்பார்த்தார். சுவரிலுள்ள சுமார் 480 கிலோ உலர்ந்த சீவல், வளரும்போது ஏறத்தாழ 770 கிலோ கரியமில வாயுவை உட்கொண்டிருக்கும். உமிச் சாம்பல் சேர்த்ததைக் கழிக்காமல் பார்த்தால், 960 கிலோ நீற்றிய சுண்ணாம்புக்காகச் சூளையில் கல்லிலிருந்து வெளியேறியது 570 கிலோ. சூளையின் எரிபொருளும் லோரியின் டீசலும் அதற்கு மேல். சுண்ணாம்பு இறுக இறுகத் தன் பங்கில் பெரும்பகுதியைப் பல ஆண்டுகளில் திரும்ப எடுத்துக்கொள்ளும். ஆகவே இன்றைய நிலையில் சுவர் ஏறத்தாழச் சமன். நாளடைவில் ஓரளவு வரவு. பிரான்சின் ஹெம்ப் சுவர்களுக்கு ஒரு சதுர மீட்டருக்கு 14 முதல் 35 கிலோ வரை வரவு காட்டும் ஆய்வு உண்டு. நம் சுவர் அந்த எல்லையின் கீழ்ப்பகுதியைத் தொட்டாலே நன்று. எதிர்காலத்தில் இந்த வட்டாரத்தில் யாரேனும் இதைத் தொழிலாகச் செய்ய நினைத்தால், தொலைவிலிருந்து கெனாஃபை வரவழைப்பதற்கு முன் காலடியில் கிடக்கும் செம்பனைக் கழிவைப் பார்ப்பது நல்லது. செம்பனைக் கொட்டை ஓட்டை எடைகுறைந்த கான்கிரீட்டில் ஜல்லிக்குப் பதிலாகப் பயன்படுத்தும் ஆய்வுகள் மலேசியப் பல்கலைக்கழகங்களில் பல்லாண்டுகளாக நடந்து வருகின்றன. சபா பல்கலைக்கழக வளாகத்தில் அதைக் கொண்டு ஒரு சிறு வீடே கட்டிப் பார்த்திருக்கிறார்கள்.

செலவு வகையில், கற்களுக்கான பொருள் செங்கல்லைவிட மிகவும் கூடவில்லை. கூடியது ஆள்கூலி: ஊறவைப்பது, வடிப்பது, வார்ப்பது, புரட்டிப் போட்டுக் காயவைப்பது. இளைஞரும் நண்பர்களும் வார இறுதிகளில் இலவசமாகச் செய்த வேலை அது. கூலி கொடுத்துச் செய்திருந்தால் குழு இதற்குச் சம்மதித்திருக்காது. இந்த உண்மையை மறைத்து, மலிவான கட்டுமானம் என்று யாரும் இதை அறிமுகப்படுத்தக் கூடாது.

சீலிங் விரிப்பும் சுவரும் முடிந்து, ஒரு மழைக்காலத்தைக் கடந்துவிட்டன. பூச்சில் மயிரிழை விரிசல்கள் தெரிந்தன, வெள்ளையடித்தபோது மறைந்தன. தகட்டுக்குக் கீழே செங்கல்லில் ஒருமுறை கரையான் கோடு ஏறியது. தகட்டைத் தாண்டும் முன் பார்த்துச் சுரண்டி மருந்தடித்தார்கள். மேசைகள் மேற்குச் சுவரோரம் வரை திரும்பி வந்துவிட்டன. எது எவ்வளவு உதவியது என்று சுவரையும் கூரையையும் பிரித்து அளக்க எங்களிடம் கருவி இல்லை. முதலில் விரிப்பு போட்ட வாரத்திலேயே ஆசிரியை மாற்றத்தைச் சொன்னார், சுவர் அப்போது பாதிதான் எழும்பியிருந்தது என்பதை மட்டும் இங்கே பதிவு செய்கிறேன்.

அடுத்த ஆண்டில் மண்டபத்துச் சமையற்கட்டைப் புதுப்பிக்கிறார்கள். அங்கும் கெனாஃப் கல் வைக்கலாமா என்று தலைவர் கேட்டார். ஆவியும் எண்ணெய்ப் புகையும் நாள்தோறும் படியும் சுவருக்கு மூச்சுவிடும் சுண்ணாம்புக் கல் ஏற்றதல்ல. செங்கல்லும் ஓடும் போதும். கூரையில் விரிப்பும் உச்சியில் காற்றுவழியும் வேண்டும். மேற்கே இரண்டு மரங்கள் நட வேண்டும் என்று எழுதிக் கொடுத்தேன். மீந்திருந்த சீவல் மூட்டைகளை, பால்காரர் ஒருவர் தம் மாட்டுக் கொட்டகைக்கென்று எடுத்துச் சென்றார்.